போராடியவர்களின் தாள்களைக் காப்பாற்ற நிதி தாருங்கள்

அன்புத் தோழர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அன்று கீழத்தஞ்சைப் பண்ணைகளில் கூலியாட்களுக்குச் சிறு தவறுக்கும் சாட்டையடி விழும். சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். பண்ணையார்களோடு செய்துகொண்ட 1944 மன்னார்குடி ஒப்பந்தம் இந்தக் கொடுமைகளுக்குத் தடை போட்டது. அதற்குப் பின்னால் பெரும் உழைப்பு இருந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் கர்நாடகத்திலிருந்து வந்து, சேரி சேரியாக நடந்து விவசாயிகள் சங்கம் கட்டினார். பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளவயதிலேயே கணவரை இழந்த மணலூர் மணியம்மை, தலைமுடியைக் கிராப்பாக வெட்டிக்கொண்டு, வேட்டி சட்டையோடு பண்ணையாட்களின் குடிசைகளுக்குப் போய் உட்கார்ந்து பேசினார். அடி வாங்கியும் கொடியைக் கீழே போடாத பண்ணையாட்களும், பாதிச் சுமையைத் தாங்கிய பெண்களும் எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லாதவர்கள்.

இவர்களைப் பற்றி எழுத இன்று ஒருவர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் கையில் கிடைப்பவை பெரும்பாலும் போலீஸ் அறிக்கையும் வழக்குக் கட்டும் அதிகாரிகளின் குறிப்பும்தான். அந்தத் தாள்களில் இவர்கள் கலகக்காரர்கள், குற்றம் சாட்டப்பட்டவர்கள். அவர்களே அச்சடித்த துண்டறிக்கை, சங்கக் கணக்கு, சிறையிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதம் எல்லாம் ஏதோ ஒரு வீட்டுப் பரணில் தகரப் பெட்டிக்குள் கிடக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்து, மின்னுருவாக்கி, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி வைப்பதே எங்கள் குழுவின் பணி.

அவசரத்துக்குக் காரணம் காகிதம். அன்று ஏழைச் சங்கங்களுக்குக் கட்டுப்படியானது மரக்கூழில் செய்த மலிவுத் தாள். அதிலுள்ள அமிலமே அதைத் தின்றுவிடும். நான்காக மடித்து வைத்த ஒரு துண்டறிக்கையை அண்மையில் பிரித்தோம். மடிப்புகளில் நான்கு துண்டாக வந்தது. கூலி உயர்வுக் கோரிக்கை அச்சாகியிருந்த வரி சரியாக மடிப்பில் விழுந்து பொடியாகியிருந்தது. அதே பெட்டியில் ஒரு சந்தா ரசீது. கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு, மை இன்னும் கறுப்பாகவே இருக்கிறது.

மனிதர்களுக்கும் காலம் காத்திருப்பதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபோது சிறுவர்களாக இருந்தவர்களே இன்று முதியவர்கள். அவர்கள் பேசுவதைப் பதிவு செய்ய வேண்டும்; பொறுமையாக, அவர்கள் விரும்பினால் மட்டும்.

தொகுப்பதால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்களுக்குத் தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரைச் சொல்வோம். அவர் 1907-ல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில் எழுதியவை பல பத்தாண்டுகள் கழித்துத் தொகுதிகளாக வந்த பிறகே, தமிழகச் சாதி எதிர்ப்பின் வரலாற்றைப் பலரும் இன்னும் முந்தைய காலத்திலிருந்து தொடங்கி எழுத வேண்டியதாயிற்று. பழைய இதழ்களைத் தேடியெடுத்துத் தொகுத்தவர்களால் அது நடந்தது.

கட்சிகளிடம் நாங்கள் நிதி கேட்கவில்லை. ஒவ்வோர் இயக்கமும் தன் தலைவர்களின் தாள்களைப் பத்திரப்படுத்தி, பக்கத்து இயக்கத்தின் தாள்களைக் கைவிட்டிருக்கிறது. ஆனால் தேவதாசி முறையை எதிர்த்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும், 1923-ல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலரும், ஒடுக்கப்பட்டோர் பிரதிநிதியாக வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற இரட்டைமலை சீனிவாசனும் ஒரே அலமாரியில் இருக்க வேண்டியவர்கள். கறுப்பு, சிவப்பு, நீலம் என்று இயக்க நிறம் பார்த்துத் தாளைப் பிரித்து வைப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அதனால்தான் பொதுமக்களிடம் வருகிறோம்.

உங்கள் பணம் போகும் செலவுகள் இவை: நூல் முதுகை ஒடிக்காமல் மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனர், அமிலமற்ற அட்டைப் பெட்டிகள், கிழிசலை ஒட்டும் மெல்லிய தாள், ஒலிப்பதிவுக் கருவி, கிராமங்களுக்குப் போய்வரும் பஸ் செலவு, பட்டியல் தயாரிக்கும் இளைஞர்களுக்கு நியாயமான சம்பளம். உழைப்பாளர்களின் வரலாற்றை இனாம் உழைப்பில் சேகரிப்பது முறையாகாது என்பதில் குழு உறுதியாக இருக்கிறது.

நூறு ரூபாயும் எங்களுக்குப் பெரிய தொகையே. எந்தத் தொகைக்கும் ரசீது உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை வரவு செலவுக் கணக்கை வெளியிடுவோம். பெயர் வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம். இந்த வேண்டுகோளைக் கொண்டுவரும் குழு உறுப்பினரிடமே பணத்தைக் கொடுக்கலாம்.

பணம் தர இயலாதவர்கள் பரணைப் பாருங்கள். தாத்தாவின் சங்க அட்டையோ அத்தையின் மாநாட்டுப் புகைப்படமோ இருந்தால், பழைய பேப்பர் கடைக்குப் போடுமுன் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். உங்கள் வீட்டுக்கே வந்து, உங்கள் கண்ணெதிரில் படமெடுத்து, மூலத்தை உங்களிடமே தந்துவிடுவோம்.

தோழமையுடன்,
ஆவணத் தொகுப்புக் குழுவினர்