வண்டிக்கு மூச்சு வாங்குகிறது

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். ஆனால் நாலு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் கார்ப் புலம்பல்! மலையில் இழுக்க மாட்டேன் என்கிறது, பிளக் மாற்றியாயிற்று, ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று, கீழே இறங்கினால் மட்டும் பறக்கிறது என்று எழுதியிருக்கிறாய். விடையை நீயே எழுதிவிட்டு என்னைக் கேட்கிறாய். கீழே வந்ததும் தானாகத் தீர்ந்துபோகும் கோளாறு எந்த மெக்கானிக் கையிலும் சிக்காது. வண்டிக்கு ஒன்றுமில்லை, காற்றுதான் போதவில்லை.

பெட்ரோலில் ஓடுவதாகப் பேர்தானே தவிர, எடை போட்டுப் பார்த்தால் இன்ஜின் தின்பது பெரும்பாலும் காற்றைத்தான். 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எங்கே போனாலும் சிலிண்டரின் கொள்ளளவு மாறாது; அதற்குள் அடைபடும் காற்றின் எடைதான் மாறுகிறது. கடல்மட்டத்தில் 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ. 2,000 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 1 கிலோ, 3,000 மீட்டரில் 0.91. ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் அதே 21 சதவீதம்தான், மொத்தக் காற்றும் நீர்த்துவிடுகிறது. 300 மீட்டர் ஏறினால் இன்ஜினின் சக்தியில் 3 சதவீதம் குறையும் என்று தோராயக் கணக்கு வைத்துக்கொள். நீ போன 2,000 மீட்டரில் உன் வண்டியின் 100 குதிரைத்திறனில் 20 காணாமல் போயிருக்கும். அதன் மேல் நாலு பேர், சாமான், ஏற்றம் வேறு.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் வைத்த நம் பழைய வண்டி மலையில் கரும்புகை கக்கியது நினைவிருக்கிறதா? காற்று குறைந்தது அதற்குத் தெரியாது, பெட்ரோலை மட்டும் தாராளமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தது. இப்போதைய வண்டிகள் சென்சாரை வைத்துப் பெட்ரோலைக் குறைத்துவிடுகின்றன, அதனால் புகை இல்லை. இல்லாத காற்றை அவற்றாலும் கொண்டுவர முடியாது.

டர்போ வண்டி வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1918இல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்ற பொறியாளர், லிபர்ட்டி விமான இன்ஜின் ஒன்றை லாரியில் ஏற்றி 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் உச்சிக்கே கொண்டுபோனார். கீழே 350 குதிரைத்திறன் காட்டிய இன்ஜின், மேலே 230தான் காட்டியது. டர்போவை மாட்டியதும் பழைய 350 திரும்பி வந்துவிட்டது. வெளியேறும் புகையின் வேகத்திலேயே ஒரு விசிறியைச் சுழற்றி, மெல்லிய காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிற வேலைதான் அது. நீ மாதா மாதம் மலை ஏறுகிறவன் என்றால் வாங்கு. வருஷத்துக்கு ஒரு தடவைக்கு வேண்டாம், வீண் செலவு.

வெயிலும் இதே வேலையைச் செய்யும். 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் காற்றின் அடர்த்தியில் 8 சதவீதம் போய்விடும். ஆகவே விடியற்காலையில் கிளம்பு. ஏற்றத்தில் வண்டி திணறும் முன்பே ஒரு கியர் இறக்கிவிடு. மேல் கியரிலேயே ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டிருப்பது உன் பழைய வழக்கம், எனக்குத் தெரியாதா?

கழற்றிய பிளக்குகளைத் தூக்கிப் போட்டுவிடாதே, அவை நன்றாகத்தான் இருக்கும். அடுத்த முறை என்னையும் கூட்டிக்கொண்டு போ. ஒரு ஆள் எடை கூடும்தான். ஆனால் ஓட்டப்போவது நான்.

அன்புடன்,
ரகு