வேப்பங்கன்றை வால்பாறைக்குக் கொண்டு வராதே, யாழினி

அன்புள்ள யாழினி,

மே மாத விடுமுறையில் வால்பாறைக்கு வரும்போது, நீயும் தோழிகளும் வளர்த்த வேப்பங்கன்றுகளைக் காட்டில் நடப் போவதாக அக்கா சொன்னாள். நல்ல மனசுதான். ஆனால் நட வேண்டாம். பள்ளி வளாகத்திலேயே வையுங்கள். வேம்புக்குச் சமவெளி வெயில்தான் பிடிக்கும், மழைக்காடு அதற்குச் சொந்த ஊர் இல்லை.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே வந்ததும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாகத் தெரியும். காடு, காடு என்று எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். அது தேயிலைத் தோட்டம். வெள்ளைக்காரர்கள் காலத்தில் மழைக்காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் போட்ட இடம். அதில் வெட்டாமல் மிஞ்சியவைதான் நடுநடுவே இருண்டு நிற்கும் சின்னச் சின்னத் திட்டுகள். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம்.

அந்தத் திட்டு ஒன்றின் ஓரத்தில் நின்று நிமிர்ந்து பார். கிளையெல்லாம் முள்முள்ளாய்க் காய் தொங்கினால் அது வெடிப்பலா. சிங்கவால் குரங்கு என்கிற சோலைமந்திக்கு உயிர் அந்த மரம். அதன் பூவையும் தின்னும், விதையையும் தின்னும். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் சோலைமந்தி உண்டு.

ஆங்கிலத்தில் ஹார்ன்பில் என்கிற பெரிய அலகுப் பறவை இருவாச்சி. அதன் கதை இன்னும் விசேஷம். பெண் பறவை பெரிய மரத்தின் பொந்துக்குள் புகுந்து, சின்னக் கீறல் மட்டும் விட்டு வாயிலைப் பூசி அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை பழம் பழமாகக் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியே ஊட்டும். தின்ற பழத்தின் கொட்டைகள் காடெங்கும் விழுந்து முளைக்கும். பொந்து வேண்டுமென்றால் கிழட்டு மரம் வேண்டும். இன்று நடும் கன்றில் அப்படி ஒரு பொந்து விழுவதற்குள் உன் பேத்திக்கே வயதாகிவிடும். அதனால்தான் சொல்கிறேன்: புதிதாக நடுவதைவிட, நிற்பதை வெட்டாமல் காப்பது பெரிய வேலை.

நமக்கு என்ன லாபம் என்று உன் அப்பா கேட்பார். தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது இந்தக் காட்டுத் தரை தண்ணீரை உறிஞ்சி வைத்து, மெல்ல மெல்ல ஓடைக்கு விடுகிறது. ஆனைமலை ஆறுகளின் தண்ணீர்தான் பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால்களில் ஓடி கோவை, திருப்பூர் மாவட்ட வயல்களுக்கு வருகிறது. அவர் விரும்பிக் குடிக்கும் பொள்ளாச்சி இளநீரிலும் அதற்குப் பங்கு உண்டு.

சரி, சிறுபிள்ளைகளால் என்ன முடியும்? 1987-ல் ஸ்வீடனில் ஒரு சின்னக் கிராமப் பள்ளியில், கோஸ்டாரிகாவின் மான்டேவெர்டே காடு அழிவதைப் பற்றி ஆசிரியர் பாடம் நடத்தினார். அந்தக் காட்டை நாமே வாங்கிவிட்டால் என்ன என்று ஒன்பது வயதுப் பையன் கேட்டான். நாடகம் போட்டார்கள், பலகாரம் விற்றார்கள், முதலில் ஒரு சிறு துண்டு வாங்கினார்கள். பிறகு நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பிள்ளைகள் சேர்ந்துகொள்ள, இன்று அது 22,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்த 'குழந்தைகளின் நிரந்தர மழைக்காடு'. கவனித்தாயா, அவர்களும் நிற்கிற காட்டைத்தான் காப்பாற்றினார்கள்.

உன்னை உண்டியல் தூக்கச் சொல்லவில்லை. நம் காடு விலைக்கு வருவதும் இல்லை. சிதைந்த திட்டுகளில் அந்தந்த இடத்து மரக்கன்றுகளையே வளர்த்து நடுகிறவர்கள் வால்பாறையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்கிறார்கள். நாற்றங்காலைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.

உன் வேலை வேறு. புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகள் ரோட்டுக்கே வந்துவிடும். அவை கீழே இறங்காமல் தாண்டட்டும் என்று சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். நம்மாட்களோ காரை நிறுத்தி பிஸ்கட் போட்டுக் கீழே வரவழைக்கிறார்கள்! அப்புறம் வண்டியில் அடிபட்டுச் சாகாமல் என்ன செய்யும்? உன் அப்பா பாக்கெட்டைப் பிரித்தால் பிடுங்கி வை, மாமா சொன்னதாகச் சொல். வேகமாக ஓட்டினாலும் அதேதான். பெரியவர்கள் என் பேச்சைவிட உன் பேச்சுக்குத்தான் கூச்சப்படுவார்கள்.

இருவாச்சி கண்ணில் பட்டால் இடம், தேதி, எத்தனை என்று நோட்டில் குறித்துக்கொள். 'ஹார்ன்பில் வாட்ச்' என்ற இணையதளத்தில் அதைச் சேர்ப்போம். முழுக்கால் சட்டையும் நீளமான காலுறையும் மறக்காமல் எடுத்து வா. மழை பிடித்துவிட்டால் ரத்தம் உறிஞ்சும் அட்டை யாரையும் விடாது.

அன்புடன்,
மாமா