டோங்டான் ஏன் எழவில்லை?

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்சாரம், தண்ணீரைச் சேமித்து, சுற்றுச்சூழலைக் கெடுக்காதபடி அமைக்கப்படும் ‘சூழல் நகரங்களுக்கான’ பன்னாட்டுக் கூட்டு ஆய்வுகள் பெருகுவது மகிழ்ச்சி தருகிறது. சீனாவும் சிங்கப்பூரும் 2007இல் ஒப்பந்தம் போட்டு, தியான்ஜின் அருகே உப்பளமும் தரிசுமாகக் கிடந்த சுமார் 30 சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு நகரத்தையே எழுப்பின. கழிவுநீர் தேங்கிய பெரிய குட்டையைக்கூடச் சுத்தம் செய்து ஏரியாக்கினார்கள்.

சரி, ஷாங்காய் அருகே பிரிட்டிஷ் நிறுவனம் வடிவமைத்த டோங்டான் என்ற சூழல் நகரம்? திட்டமிட்டபடி அது எழவே இல்லை. அதற்கான காரணங்களை எல்லா நாட்டு ஆய்வாளர்களும் அலச வேண்டும். அப்புறம், வரைபடத்தில் சொன்ன மின்சார, தண்ணீர்ச் சேமிப்பு மக்கள் குடியேறிய பிறகும் கிடைக்கிறதா? அந்த அளவீடுகளைப் பத்தாண்டுகளாவது தொடர்ந்து எடுத்துப் பொதுவில் வைக்கும் நிபந்தனையை ஒவ்வொரு கூட்டு ஒப்பந்தத்திலும் சேர்க்க வேண்டும்.

– வாசகர் ஒருவர்