சனிக்கிழமை பியாட்ரிஸ் போகிறோம்: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை வகுப்பு கிடையாது. பிள்ளைகளை நெப்ராஸ்கா கேஜ் கவுண்டியில், பியாட்ரிஸ் ஊருக்கு மேற்கே இருக்கும் ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறோம். தமிழ் வகுப்பை விட்டுவிட்டு இது எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். பிள்ளைகள் வளர்கிற ஊரின் கதையை அவர்களுக்குத் தமிழில் பேச வராவிட்டால், தமிழ் வீட்டுச் சாப்பாட்டு மேசையோடு நின்றுவிடும் என்று எனக்குக் கவலை.

போகும் முன் வீட்டில் கொஞ்சம் சொல்லி வையுங்கள். 1857இல் மிசூரி ஆற்றில் ஹானிபல் என்ற நீராவிக் கப்பல் தரைதட்டி நாள்கணக்கில் நகராமல் கிடந்தது, அதில் வந்த பயணிகளில் 35 பேர் சேர்ந்து புதிதாக ஓர் ஊர் அமைப்போம் என்று கையெழுத்துப் போட்டார்கள், அதுதான் பியாட்ரிஸ். அப்புறம் 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம்: சிறு கட்டணம் கட்டி, ஐந்து வருடம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம். சட்டம் நடைமுறைக்கு வந்த 1863 ஜனவரி 1ஆம் தேதியே மனுப் போட்டவர்களில் ஒருவர் டேனியல் ஃப்ரீமன். அவர் நிலம்தான் இன்றைய பூங்கா.

அங்கே 1867இல் கட்டிய ஒரு மரவீடு இருக்கிறது. 14க்கு 16 அடி, அவ்வளவுதான். நம் பிள்ளைகளில் பலருடைய படுக்கையறையே அந்த அளவு இருக்கும், அதற்குள் ஒரு குடும்பமே குளிர்காலத்தைக் கழித்தது என்பதை அவர்கள் உள்ளே நின்று பார்க்க வேண்டும். பக்கத்தில் 1872இல் கட்டிய ஒற்றை அறைச் செங்கல் பள்ளிக்கூடம், 1967 வரை நடந்தது. அங்கே ஆசிரியை வகுப்பில் பைபிள் வாசித்ததை எதிர்த்து ஃப்ரீமன் வழக்குப் போட்டார், 1902இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது யாரும் இல்லாத தரிசு நிலம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. ஓட்டோ, மிசூரியா என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்து வேட்டையாடிய பூமி அது. 1854 ஒப்பந்தத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து பிக் புளூ ஆற்றங்கரையில் ஒரு துண்டோடு ஒதுங்கினார்கள், அதுவும் கைவிட்டுப்போய் 1880களின் தொடக்கத்தில் இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். இலவச நிலம் என்று சொல்லும்போதே, யாருடைய நிலம் என்று கேட்கப் பழக்குங்கள், ஏழு வயதுப் பிள்ளைக்கும் இது புரியும்.

தொப்பி, தண்ணீர், மதிய உணவு கொடுத்துவிடுங்கள். புல்வெளியில் நடக்க வேண்டும், மூடிய காலணி அவசியம். ஊரில் விவசாயம் பார்த்த பெற்றோர், தாத்தா பாட்டி யாராவது கூட வந்தால் நல்லது, உழவு பற்றி என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். பஸ்ஸில் இடம் இருக்கிறது, புதன்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்