காற்றடித்தால் லிஃப்டை நிறுத்துங்கள், முன்னாலேயே சொல்லிவிட்டு நிறுத்துங்கள்

இத்தாலியின் டோலமைட் மலைகளில், செல்லா மலையைச் சுற்றி நான்கு பள்ளத்தாக்குகள் வழியாக ஸ்கை செய்துவரும் செல்லா ரோண்டா சுற்றில், ஆட்களை மலைமேல் ஏற்றும் லிஃப்ட்களை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். காற்றால் லிஃப்ட் நின்று, செல்வா கிராமத்திலிருந்து சுற்றைத் தொடங்கிய நாங்கள் கடைசிக் கட்டத்தில் கோர்வாரா கிராமத்தில் மாட்டிக்கொண்டோமே, எந்த நாள், எந்த லிஃப்ட் என்று விளக்க வேண்டியதில்லை. அன்று கோர்வாராவில் உங்கள் ஆளைச் சுற்றி எவ்வளவு கூட்டம் கத்திக்கொண்டு நின்றது என்பது உங்களுக்கே தெரியும்.

பலத்த காற்றில் லிஃப்டை நிறுத்தத்தான் வேண்டும், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் மதியமே நிறுத்தியாயிற்று என்று உங்கள் ஆளே சொன்னார். அப்படியென்றால் ஒன்றரை மணிக்கு நாங்கள் அதற்கு முந்தைய ஊரான அரப்பாவில் நின்றபோது ஏன் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை? அங்கேயே தெரிந்திருந்தால் நாங்கள் பார்த்து வந்த பச்சைப் பலகையை விட்டு எதிர்த்திசைக்கான ஆரஞ்சுப் பலகையைப் பிடித்து, போர்தோய், செல்லா கணவாய்கள் வழியாக வந்த பக்கமே செல்வாவுக்குத் திரும்பியிருப்போம், நேரமும் இருந்தது. லிஃப்ட் வாசலில் இருந்த திரையில் விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்கை பூட்ஸோடு தார் ரோட்டில் நடந்திருக்கிறீர்களா? கணுக்கால் மடங்காது. என் ஒன்பது வயது மகள் ஸ்கையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, குதிகாலை ஊன்றி ஊன்றி, உறைந்த சாலையோரமாக பஸ் நிறுத்தம் வரை வந்தாள். பஸ் நிரம்பி வழிந்ததால் நிற்காமலே போய்விட்டது. இருட்டிய பிறகு ஒரு டாக்சி கிடைத்தது, அவர் கேட்டதைக் கொடுத்தேன், வேறென்ன செய்ய? செல்வாவுக்குப் போகும் வழியில் கார்தேனா கணவாயின் வளைவுகளில் பிள்ளை வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள்.

பத்து மணிக்குள் கிளம்பு, மூன்றரைக்குள் கடைசிக் கணவாயைத் தாண்டு என்று எங்களுக்குப் புத்தி சொல்கிறீர்கள். சரி, கேட்டுக்கொண்டோம். கதவில் லிஃப்ட் பாஸைக் காட்டியதும் நான் எங்கே இருக்கிறேன் என்று உங்கள் கணினிக்குத் தெரிகிறது, அன்று எத்தனை மீட்டர் இறங்கினேன் என்று கணக்குக்கூடக் காட்டுகிறது. அடுத்த பள்ளத்தாக்கில் லிஃப்ட் நின்றுபோனது மட்டும் தெரியாதாம்! காசு வாங்கும்போது நான்கு பள்ளத்தாக்குக்கும் ஒரே பாஸ், நாற்பது கிலோமீட்டருக்கும் ஒரே சுற்று. லிஃப்ட் நின்றால் உடனே "அது வேற கம்பெனி லிஃப்ட், அவங்களைக் கேளுங்க". விலை மட்டும் சீசனுக்கு சீசன் ஏறுகிறது, அதற்கு எந்தக் காற்றும் தடையில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்பது இவ்வளவுதான்: சுற்றில் ஒரு லிஃப்ட் நின்றால், முந்தைய பள்ளத்தாக்கின் லிஃப்ட் வாசலிலேயே, மக்கள் ஏறுவதற்கு முன்னால், அந்த விளம்பரத் திரையில் எழுதிப் போடுங்கள். மாட்டிக்கொண்டவர்களை ஏற்றிவர ஒரு பஸ்ஸும் விடுங்கள். பஸ்ஸுக்குக் காசு வேண்டுமென்றால் தருகிறோம், ஆனால் தகவலை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். டிசம்பரில் அடுத்த சீசன் தொடங்குவதற்குள் ஒரு பதில் போட்டால் நல்லது, மகள் மறுபடியும் போகலாம் என்று இப்போதே ஆரம்பித்துவிட்டாள்.