"இந்தக் கல்லை எங்கே எடுத்தீங்க?" என்று கேட்டவர்களுக்கும் அதற்குப் பதில் சொன்னவர்களுக்கும்

வணக்கம்.

ஆடி மாதத்து அந்த இரண்டு நாளும் அரியலூருக்கு வந்து, எங்களோடு இருந்து, வெயிலில் அலைந்துவிட்டுப் போன எல்லோருக்கும் இந்த மடல். அழைப்பிதழில் 'புதைபடிவக் கருத்தரங்கு' என்று பெரிதாகப் போட்டிருந்தோம். எங்கள் ஆசை என்னவோ எளியதுதான். ஓடையிலும் வரப்பிலும் கல் பொறுக்குகிறவர்களும், அதே கல்லை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் படிக்கிறவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து பேச வேண்டும். அது நடந்தது. அதை நடத்திக் கொடுத்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி கல்யாண மண்டபத்து ஐயாவுக்கு. பேசி வைத்திருந்த அரங்கம் கிடைக்காது என்று நான்கு நாள் முன்னால்தான் தெரிந்தது. அன்று ராத்திரி எங்களில் யாரும் தூங்கவில்லை. மறுநாள் காலை ஐயாவிடம் போய் நின்றோம். "ஆடியில மண்டபம் சும்மாதானே கெடக்கு, கொண்டாந்து அடுக்குங்க" என்றார். வாடகை வாங்கவில்லை. மணமேடையில் அம்மோனைட்டுகளை அடுக்கினோம்; இந்தப் பக்கம் கடலாக இருந்த காலத்தில் வாழ்ந்து, அடியோடு அழிந்துபோன, சுருள் ஓட்டு உயிர்கள் அவை. சாப்பாட்டு மேசைகள் முழுக்க சிப்பிகள்.

காரை என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஆடு மேய்க்கும் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முந்தானையில் முடிந்து ஒரே ஒரு கல் கொண்டுவந்தார். நத்தை மாதிரி சுருண்ட, உள்ளங்கை அளவு அம்மோனைட். பேராசிரியர் அம்மா அதைக் கையில் வாங்கியதும் பெயர் சொல்லவில்லை. "எங்கே எடுத்தீங்க?" என்றுதான் கேட்டார். அக்கா சொன்ன பதிலை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "கார்த்திகை மழைக்கு அப்புறம் ஓடைக்கரை சரிஞ்சுதுங்க. மேல மஞ்ச மண்ணு, கீழ சாம்பக் கலரு. ரெண்டுக்கும் நடுவுல இருந்துச்சு. பக்கத்துல கண்ணாடியாட்டம் கல்லு பட்டை பட்டையா ஓடும்." அந்தக் கண்ணாடிக் கல் ஜிப்சம். பேராசிரியர் அம்மா தரையில் உட்கார்ந்து, அக்கா சொல்லச் சொல்ல நோட்டில் அடுக்கடுக்காகப் படம் வரைந்தார். அம்மோனைட் இனங்கள் சீக்கிரம் சீக்கிரம் மாறியவை, ஒரு இனம் சில பாறை அடுக்குகளில் மட்டுமே கிடைக்கும், அதனால்தான் அவற்றை வைத்துப் பாறையின் வயதைச் சொல்ல முடிகிறது என்று அக்காவுக்கு விளக்கினார். அடுக்கு தெரியாத கல்லை அலமாரியில்தான் வைக்கலாம். அடுக்கு தெரிந்தால் அது சாட்சி. அரை மணி நேரம் இருவரும் எழுந்திருக்கவே இல்லை. அக்கா, உங்களுக்கு நன்றி. பேராசிரியர் அம்மா, உங்களுக்கும்.

இந்த மண்ணின் ஆராய்ச்சியே இப்படித்தான் தொடங்கியது. 1840-களில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் சேகரித்த கேயும் கன்லிஃபும் மதராஸ் நிர்வாகப் பணியில் இருந்தவர்கள். சேகரித்தது ஆர்வத்தால். அவர்கள் அனுப்பிய பெட்டிகளைப் பிரித்துத்தான் பிரிட்டிஷ் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் தன் அறிக்கையை எழுதினார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டின் நிலவியல் அறிக்கை 1862-இல் வந்தது. அதற்குப் பிறகு அதே துறையின் ஸ்டாலிச்கா இந்தக் கடல் உயிர்களைத் தொகுதி தொகுதியாக விவரித்தார். இதையெல்லாம் முதல் நாள் மாலை நமக்குக் கதையாகவே சொன்ன ஓய்வுபெற்ற புவியியலாளர் ஐயாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. சுக்குக் காப்பி குடித்துக் குடித்துப் பேசி முடித்தார். அவர் காலைத் தொட்டு வணங்குகிறேன்.

அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேடு பற்றி அவர் சொன்னபோது மண்டபமே அமைதியானது. அங்கே கிடைத்த பிரம்மாண்டமான டைனோசர் எலும்புகளுக்கு யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களின் இறுதியில் புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். காலின் கீழெலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் என்பது பதிவு. ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. மழையில் ஊறி, நொறுங்கி, பொடியாகப் போய்விட்டன. அதனால் அந்த விலங்கு உண்மையில் எவ்வளவு பெரியது என்ற வாதம் இன்றும் தீரவில்லை. பின்வரிசையில் ஒரு கல்லூரி மாணவி எழுந்து, "அடுத்த தடவை இப்படி ஒண்ணு வெளியே தெரிஞ்சா நாங்க முதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டாள். தோண்டாதே, படம் எடு, இடத்தைக் குறி, மூடி வை, எங்களைக் கூப்பிடு என்றார் ஐயா. இந்தக் கூட்டத்துக்காக நாங்கள் பட்ட பாடு அத்தனைக்கும் அந்தக் கேள்வி ஒன்றே போதும். மகளே, உனக்கு நன்றி.

குன்னம் பக்கத்திலிருந்து உருண்டைக் கல் கொண்டுவந்த தம்பிக்கும் நன்றி. 2020-இல் அந்தப் பக்கம் கிடைத்த உருண்டைகளை டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பேசியது நினைவிருக்கும். தம்பியும் அந்த நம்பிக்கையோடுதான் வந்தார். ஏற்கெனவே உடைந்த ஒரு உருண்டையை அவரிடம் காட்டினார்கள். சின்ன வெங்காயம் மாதிரி படலம் படலமாக இருந்தது, நடுவில் ஒரு அம்மோனைட். கடலடிச் சேற்றில் செத்த உயிரைச் சுற்றிக் கனிமம் படிந்து படிந்து வளர்ந்த உருண்டை. "முட்டை இல்லையா?" என்றவர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார். அவரை யாரும் கேலி செய்யவில்லை. அதற்காகவே அங்கிருந்த ஆய்வாளர்கள் எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நம் மண்டபத்தில் பறந்தது துண்டுச் சீட்டுகள். இரண்டாம் நாள் காலை ஜன்னலைத் திறந்ததும், கற்களுக்கு அடியில் வைத்திருந்த சீட்டுகள் அத்தனையும் வாசல்வரை சிதறிவிட்டன. எந்தக் கல் எந்த இடத்தது என்று தெரியாமல் போனால் இரண்டு நாள் உழைப்பும் வீண். எனக்குக் கைகால் ஓடவில்லை. அப்போது கொண்டுவந்தவர்களே வரிசையாக வந்து, "இது என்னுது, கொளக்காநத்தம் போற வழி", "இது சுண்ணாம்புச் சுரங்கத்துல எடுத்த சிப்பி" என்று ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னார்கள். சுரங்கத்தில் வேலை பார்க்கும் அண்ணன் தன் சாக்கிலிருந்த தடித்த வளைந்த சிப்பிகளை, எந்த வெட்டில் எடுத்தது என்று வெட்டுவாரியாகப் பிரித்து வைத்தார். பள்ளிப் பிள்ளைகள் சீட்டுகளைப் புதிதாக எழுதி, நூலால் கல்லோடு கட்டினார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் எழுத்தில் அந்தச் சீட்டுகள் இனி அப்படியே இருக்கும்.

பெரம்பலூர்ப் பக்கத்துச் சாத்தனூருக்குப் போன பயணத்தில் வண்டி ஓட்டிய இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி. 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் நீளக் கல்மரத்தின் முன்னால், கடலுக்கு அடித்து வரப்பட்ட ஒரு மரம் எப்படிக் கல்லாகும் என்று ஆய்வாளர் தம்பி விளக்கிக்கொண்டிருந்தார். அந்த ஊர்ப் பாட்டி ஒருவர் எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். தன் மக்காச்சோளக் காட்டு வழியாக நாற்பது பேரை நடந்துபோகவிட்ட விவசாயி ஐயா, சமைத்துப் போட்ட அக்காமார், பாய் கொடுத்த பள்ளிவாசல்காரர்கள், ஒலிபெருக்கிக்குப் பாதிப் பணமே வாங்கிய தம்பி, எல்லோருக்கும் மனசார நன்றி.

அப்புறம் ஒரு விஷயம். மண்டபத்தில் ஒரு மஞ்சள் துணிப்பை இருக்கிறது. உள்ளே மூன்று சிப்பிகள், பழைய செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றியவை. ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி, ஓடையின் எந்த வளைவு, தரையிலிருந்து எத்தனை சாண் உயரம் என்று எழுதியிருக்கிறது. பெயர் மட்டும் எழுதவில்லை. யாருடையதோ, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வரும்வரை பத்திரமாக வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஏற்பாட்டுக் குழு சார்பாக