வேலை புடிக்கலன்னு சொன்னியே, அதுக்குத்தான்

தாயி,

ஞாயித்துக்கெழம போன்ல கேட்டியே, அம்மா நீ சந்தோஷமாவா வேலை பாத்தன்னு, நான் சாப்ட்டியான்னு கேட்டு பேச்ச மாத்திட்டேன். பதில் இல்லாம இல்ல, அடுப்புல பாகு இருந்துச்சு, பாகு இருக்கையில கலெக்டரே வந்தாலும் நான் திரும்ப மாட்டேன்னு ஒனக்குத்தான் தெரியுமே. இப்ப அடுப்ப அமத்திட்டு உக்காந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா சிரிக்காத.

நான் மொதல்ல போனது ஜவுளிக்கடைக்கு. ஒனக்கு அப்ப நாலு வயசு, ஞாபகம் இருக்காது. காரைக்குடில பெரிய கடை, பேரு எதுக்கு. எனக்கு சேலைன்னா உசுரு, கண்டாங்கிய தொட்டுப் பாத்தே நூல் எப்படின்னு சொல்லிருவேன், ஆசப்பட்டுத்தான் சேந்தேன். காலைல ஒம்போதரைக்கு நின்னா ராத்திரி ஒம்போது வரைக்கும் நிக்கணும், கடையில ஈ காக்கா இல்லாத நேரத்துல கூட செவுத்துல சாயக்கூடாது, சூப்பர்வைசர் பாத்தா அத்தன பேர் முன்னாடியும் சத்தம். ஆறே மாசம், கால் ரெண்டும் வீங்கி, சேலையப் பாத்தாலே எரிச்சல் வர ஆரம்பிச்சிருச்சு. புடிச்ச வேலைக்குப் போ புடிச்ச வேலைக்குப் போன்னு எல்லாரும் சொல்றாங்கல்ல, எனக்குப் புடிச்சத ஒரு ஸ்டூல் இல்லாததே கெடுத்துருச்சு பாத்துக்க. 2021ல நம்ம தமிழ்நாட்டுல சட்டம் திருத்துனாங்க, கடையில நிக்கிறவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு. டிவில பாத்துட்டு ஒங்கப்பாகிட்ட சொன்னேன், நமக்கு பதினஞ்சு வருஷம் லேட்டுங்கன்னு.

ஒங்கப்பா கதை அப்படியே தலகீழ். ஆத்தங்குடிக்கு தரைக்குப் பதிக்கிற பூக்கல்லு போடப் போனது ஆசப்பட்டு இல்ல, கடனுக்கு. குத்துக்கால் போட்டே உக்காந்து முட்டி போச்சு, சிமெண்டு தின்னு வெரல் எல்லாம் வெடிப்பு, தேங்காண்ணெ தேச்சு விட்டது நான்தானே. ஆனா அந்த வேலைல ஒண்ணு இருக்கு. கண்ணாடி மேல அச்ச வச்சு கட்டம் கட்டமா கலர் சிமெண்ட ஊத்தி, அச்ச தூக்கிட்டு, மேல சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கி, காய வச்சு தண்ணித் தொட்டில ஊறப்போடுவாங்க, சூளையெல்லாம் கெடையாது. பூ இருக்கறது கீழ, கண்ணாடிப் பக்கம். போடுறவரு பாக்குறது வெறும் முதுகு மட்டும்தான். கண்ணாடி பிரியும்போதுதான் அவருக்கே தெரியும் பூ ஒழுங்கா உக்காந்துச்சா கலர் கலங்கிருச்சான்னு, அந்தப் பளபளப்பு பூரா கண்ணாடி குடுக்குறது. இத்தன வருஷத்துக்கு அப்புறமும் கண்ணாடிய எடுக்கையில மூச்ச புடிச்சுக்குவேன்டின்னு சொல்வாரு. கானாடுகாத்தான்ல ஒரு கல்யாணத்துக்குப் போய் பொண்ணு மாப்பிள்ளைய பாக்காம தரையவே பாத்துக்கிட்டு நின்ன மனுசன், எனக்குத்தான் மானம் போச்சு.

ஒங்க மாமாவுக்கு கவர்மெண்டு வேலை, வேலைல இருந்தப்ப ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆனா மூஞ்சி தொங்கிரும், ஆனா இப்ப பென்ஷன் வாங்குற அன்னிக்கு அந்த மூஞ்சியப் பாரு. கொட்டான், அதான் ஓலைக் கூடை, பின்னுற ஒங்க அயித்தைக்கு வேலை ஒரு சாக்கு, நாலு பேர் கூடி ஊர்க்கதை பேசணும். அதுக்கு 2013ல புவிசார் குறியீடு குடுத்தப்ப, நாங்க பேசுன பேச்சுக்கும் சேத்தா குடுத்தாங்கன்னு கேட்டுச்சே!

எனக்கு பலகாரம்தான். பலகாரம் போட்டு விக்கிற ஆச்சி வீட்டு அடுப்படில பத்து பேர் வேலைக்கு இருந்தோம், தேன்குழல் யாரும் புழியலாம், கந்தரப்பம் யாரும் சுடலாம், வெல்லப்பாகுல பெரட்டி எடுக்குற மனகோலத்துக்கு பாகு மட்டும் நான். கம்பிப் பதம் தாண்டி, தண்ணில விட்டு உருட்டி தட்டுல போட்டா டங்குன்னு சத்தம் வரணும், ஒரு நிமிசம் முந்துனா பிசுபிசுன்னு ஒட்டும், பிந்துனா கல்லு. அந்த ஒரு நிமிசம் ஆச்சி கூட பேசாம நிப்பாக. சம்பளம் பத்தி ஆயிரம் சண்ட போட்டுருக்கேன், அந்த அடுப்புச் சூட்ட திட்டாத நாள் கெடையாது, இருந்தும் அந்த டங்குக்காகத்தான் போனேன்னு நெனக்கிறேன்.

இப்ப ஒன் விசயம். கம்ப்யூட்டர் கோளாறுன்னு வர்ற புகார, அந்த டிக்கெட்ட, மூடிக்கிட்டே இருக்கேன் யாருக்கு என்ன பிரயோசனம்னு அழுத. அதே போன்லதான், ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதோ ஆஸ்பத்திரி சர்வர் நின்னு போச்சு, ரெண்டு பேரு முழிச்சுக்கிட்டு நின்னாங்க, நான் நாப்பது நிமிசத்துல எழுப்பிட்டேம்மான்னும் சொன்ன. அத சொல்லையில ஒன் குரல் வேற. நீ கவனிக்கல, நான் கவனிச்சேன்.

அதனால கூட வேலை பாக்குற புள்ள காபிக்கடை போடுதுன்னு நீயும் ராஜினாமா பேப்பர் போடாத, அந்த புள்ளைக்கு அடுப்படி எப்படி வேகும்னு தெரியாது. ஒம்போது மாசமா நைட் ஷிப்ட்டு, பகல்ல தூக்கம் இல்ல, அதுதான் ஒன்னைய அழ வைக்குதுன்னு எனக்குப் படுது. மொதல்ல பகல் ஷிப்ட்டு கேளு, வாயத் தெறந்து கேளு, நான் ஸ்டூல் கேக்காம விட்டேன். தரமாட்டேன்னா விட்டுட்டு வா, ஒங்கப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு, நான் பேசிட்டேன்.

ராத்திரி பஸ்ல பார்சல் போட்டுருக்கேன், காலைல மறக்காம போய் வாங்கிக்க. கந்தரப்பத்த ரெண்டு நாள்ல தின்னுரு, மனகோலம் தாங்கும். சின்ன டப்பா அந்த டீம் லீடருக்கு, குடுத்துட்டு அப்புறமா ஷிப்ட்டு கேளு.

அம்மா